மஞ்சள் கோட்டுக்குள் மூன்று பேர்

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே மூன்று மேசை, மூன்று நாற்காலி, ஒரே ஒரு ஆள். அந்த ஆளும் உயரம் குறைவு. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் சில நேரம் மூன்று நாற்காலியும் காலியாக இருப்பதுபோலத் தெரியும். உள்ளே போனால் ஏதோ ஒன்றிலிருந்து குரல் வரும்.

"சொல்லுங்கண்ணா, ஹெல்ப்டெஸ்க்."

அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சிஸ்டம் மேடம் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. நான் அங்கே கேஜ் ரூமில் இருக்கிறேன். அளக்கும் கருவிகளை வைத்திருந்து, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற அறை. அளவு சரி என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கொடுக்கலாம். சிவப்பு என்றால் கொடுக்கக் கூடாது. பேச்சே தேவைப்படாத வேலை. பன்னிரண்டாவது முடித்த கையோடு சேர்ந்தவன், தலை நரைக்கிற வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டேன். சிவப்பு ஒட்டியதை யாராவது கேட்டு அடம்பிடித்தால் ஒன்றும் சொல்லாமல் சன்னலைச் சாத்திக்கொள்வேன். போன் அடித்தால் அது அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்த அறைக்கு நான் முதலில் போனது பாஸ்வேர்டை மறந்துவிட்டு. போனில் சொன்னாலே போதும் என்றார்கள். எனக்குப் போனில் பேச வராது, அதனால் நடந்தே போனேன். கதவோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை உட்காரச் சொல்லி, நான் திக்கித் திக்கிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். கவலைப்படாதீர்கள், நம் அட்மினிடம் சொல்லி உடனே செய்து தருகிறேன் என்றார். சீட்டைக் கொண்டுபோய் இரண்டாவது மேசையில் வைத்தார். பிறகு அந்த மேசைக்குப் பின்னால் தானே போய் உட்கார்ந்தார். சீட்டை எடுத்துப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"மத்தே அதேனா?" என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டார். மறுபடியும் அதேதானா என்று. அந்த அளவுக்கு எனக்கும் கன்னடம் புரியும். அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் கடுகடுவென்று எதையோ தட்டினார். முடிந்ததும் எழுந்து வந்து மறுபடியும் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

"ஆயிடுச்சுங்கண்ணா. அட்மினுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல. மனசுல வெச்சுக்காதீங்க."

நான் கேஜ் ரூமுக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தனியாகச் சிரித்தேன். நான் தனியாகச் சிரிக்கிற ஆள் இல்லை.

மூன்றாவது நாற்காலி சுவரோரம் இருந்தது. அதில் உட்காருகிறபோதுதான் அவர் நிஜமாகவே வேறு ஆளாகிவிடுவார். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று அனுமதி கொடுக்கிற இடம் அது. அவர் பாகலூர்ப் பக்கம். அப்பா ரோஜாத் தோட்டம் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு. அம்மா எதற்கு மறுத்தாலும் தெலுங்கில்தான் மறுப்பாராம். அதனாலோ என்னவோ, மூன்றாவது நாற்காலி தெலுங்கு பேசியது. கேட்டது சரியில்லை என்றால் "குதரது" என்று ஒரே வார்த்தை. முடியாது என்று அர்த்தம். நெட் லைன் போடுகிற பெங்களூர்க்காரர்களோடு தினமும் சண்டை போட்டுப் போட்டு இரண்டாவது நாற்காலிக்குக் கன்னடம் வந்திருக்க வேண்டும். தமிழ் எங்களுக்கு. இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்தால் வாய் தானாக மாறியது.

அந்த மூன்றாவது நாற்காலிக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். திரையில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒன்றும் எழுதாவிட்டால் மறுப்புச் செல்லாது.

டிஸ்பாட்சில் இருக்கிற பாய்தான் இதையெல்லாம் வைத்து அவரை ஓட்டிக்கொண்டே இருப்பார். பாய் என்றால் எங்கள் லாரிகளை அனுப்புகிறவர், கிருஷ்ணகிரிக்காரர், என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். மூன்று பேர் வேலைக்கு மூன்று சம்பளம் வருகிறதா என்பார். ஆயுத பூஜைக்கு மேடம் மூன்று நாற்காலிக்கும் பொட்டு வைத்து, மூன்று பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, மூன்றும் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது என்பார். ஒருநாள் கேன்டீனில் வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, உன்னைப் பொண்ணு பாக்க வந்தா எந்த நாற்காலில உக்காருவ?"

"முதல் நாற்காலிலதான் பாய். வந்தவங்க பேரு, ஊரு எல்லாம் எழுதிக்குவேன். மாப்பிள்ளை வேலை செய்யறாரா இல்லையான்னு ரெண்டாவது பாத்துக்கும்."

"மூணாவது?"

"அதுக்குத்தான் எங்கம்மா இருக்காங்களே."

கேன்டீனே சிரித்தது. நானும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன்.

வேடிக்கைக்குத்தான் செய்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர் தம்பிக்கு நிச்சயதார்த்தம் நடந்த அன்றுதான் அது வேடிக்கை மட்டும் இல்லை என்று தெரிந்தது. வேலை நெருக்கடியில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் வீடியோவாக நேரடியாகக் காட்டுகிறார்கள். கம்பெனி நெட்டில் வீடியோ எல்லாம் அடைத்து வைத்திருந்தது. அடைத்தவரே அவர்தான். திறக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கருவிகளைச் சோதித்த தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றிக் கேட்க அந்த நேரம் பார்த்து நான் அங்கே போயிருந்தேன். முதல் நாற்காலியில் உட்கார்ந்து தனக்குத் தானே சீட்டு எழுதினார். இரண்டாவதில் போய், செய்யலாம், சுலபம் என்று தலையாட்டினார். மூன்றாவதில் உட்கார்ந்து சீட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"குதரது" என்றார். காரணக் கட்டத்தில் ஏதோ எழுதினார்.

பிறகு என்னைப் பார்த்து, கண் கலங்கிப் போய், "பாத்தீங்களாண்ணா, எப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரி" என்றார். தன் போனில் நெட் தீர்ந்திருந்ததால் பாயின் செல்போனை வாங்கிக்கொண்டு கேன்டீன் மூலையில் நின்று நிச்சயதார்த்தத்தைப் பார்த்தார். அன்று முழுக்க அந்த மூன்றாவது நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்லை. யாராவது அனுமதி கேட்டு வந்தால், நாளைக்கு வாங்க, அவங்களோட நான் பேசறதில்ல என்று அனுப்பிவிட்டார்.

ஏன் இப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது எனக்கு. அவராகத்தான் சொன்னார். படித்து முடித்ததும் அத்திப்பள்ளி தாண்டி ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்தாராம். அங்கே கேட்பதற்கு ஒருத்தர், செய்வதற்கு ஒருத்தர், செய்யலாமா என்று பார்ப்பதற்கு ஒருத்தர், செய்தது சரியா என்று பார்ப்பதற்கு ஒருத்தர். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்க முடியாது. இங்கே வந்தால் எல்லாமே தான் ஒருத்தி.

"ஒரே நாற்காலில உக்காந்து எல்லாத்தையும் செஞ்சா, என் தப்பை நானே மன்னிச்சுக்குவேண்ணா. எழுந்து நடந்து போய் உக்காரணும். அந்த நாலு அடி நடக்கறதுக்குள்ள புத்தி வந்துரும்."

பிரச்சினை வந்தது ஃபேக்டரி மேனேஜரால். அவர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் காத்திருக்கத் தெரியாதவர். அன்று லாரி வாசலில் நிற்கிறது. பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கண்ணெதிரே இருக்கின்றன. கம்ப்யூட்டரில் பார்த்தால் இருப்பு பூஜ்யம். கம்ப்யூட்டரில் இல்லாததற்குப் பில் போட முடியாது. பாய் தலையில் கை வைத்து நிற்க, மேனேஜர் நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கே இறங்கி வந்துவிட்டார். பழுதான ஒரு கருவியைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி நானும் அங்கே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மேனேஜர், இருப்புக் கணக்கை இனி என் கம்ப்யூட்டரிலிருந்து நானே மாற்றிக்கொள்கிற மாதிரி செய்துகொடு என்றார்.

மேடம் எழுந்து நின்று, வணக்கம் சொல்லி, எழுதிக்கொண்டார். உடனே சொல்கிறேன் சார் என்றார். இரண்டாவது நாற்காலிக்குப் போய், ரெண்டு நிமிஷ வேலைதான் சார் என்றார். மேனேஜருக்குச் சந்தோஷம். பிறகு மூன்றாவது நாற்காலிக்குப் போனார்.

"குதரது சார்."

மேனேஜர் முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். மேடம் காரணக் கட்டத்தில் எழுதத் தொடங்கியதும் அவர் முகம் சிவந்தது.

"எத்தனை பேரும்மா நீ? நான் ஒருத்தரைத்தான் வேலைக்கு எடுத்தேன்."

மேடம் எழுதி முடித்தார். இரண்டாவது நாற்காலிக்கு ஓடி, இருப்பு ஏன் பூஜ்யம் என்று தேடினார். பாகங்களைச் சோதித்து முடித்த பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்திருந்தான். அவனைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னதும் இருப்பு வந்துவிட்டது. டீ நேரத்துக்குள் லாரி போய்விட்டது. ஆனால் மேனேஜருக்குக் கோபம் போகவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மீட்டிங் ஹாலில் போட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலி போதும் என்பது உத்தரவு.

எங்களுக்கெல்லாம் கஷ்டமாகிவிட்டது. இனி மேனேஜர் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவார், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுவார் என்று பேசிக்கொண்டோம். அன்று மதியம் அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

எங்கள் கம்பெனியில் எந்தப் பொருளுக்கும் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி இடம் குறித்திருப்பார்கள். குப்பைக்கூடைக்கு ஒரு கட்டம், தள்ளுவண்டிக்கு ஒரு கட்டம், துடைப்பத்துக்கும் ஒன்று. கோட்டுக்கு வெளியே ஒரு பொருள் இருந்தால் திட்டு விழும். கோடு போட்டதற்காக யாரையும் திட்ட முடியாது. மேடம் தரையில் மண்டியிட்டு மஞ்சள் டேப்பில் மூன்று கட்டம் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டி முடித்ததும் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி, சக்கரத்தில் உருண்டு முதல் கட்டத்துக்குள் போய் நின்றார்.

"சொல்லுங்கண்ணா, ஹெல்ப்டெஸ்க்."

முன்னே நடந்து போனவர் இப்போது உருண்டு போனார், அவ்வளவுதான் வித்தியாசம். பாய் சீட்டு கொண்டுபோகிற சாக்கில் தினமும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார். இரண்டாவது கட்டத்திலிருந்து மூன்றாவதுக்குப் போகிறபோது ஓர் உடைந்த டைல்ஸில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். அப்போது மூன்று மொழியிலும் திட்டு வரும் என்று பஸ்ஸில் சொல்லிச் சிரிப்பார். மேனேஜரும் ஒருநாள் வந்து கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

அப்போதுதான் ஆடிட் வந்தது. எங்களிடம் பாகம் வாங்குகிற பெரிய வண்டிக் கம்பெனி, புதிதாக ஒரு பாகம் செய்யக் கொடுப்பதாக இருந்தது. அந்த ஆர்டர் வந்தால் பாகம் செய்ய ஒரு புது லைன் வரும், பலருக்கு வேலை நிரந்தரமாகும். அதைக் கொடுப்பதற்கு முன் நம் கம்ப்யூட்டர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அம்மாவை அனுப்பினார்கள். நரைத்த தலை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதிகம் பேசவில்லை, கேள்விதான் கேட்டார்.

கருவிகளின் தேதிப் பதிவைக் காட்ட என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதனால் நடந்ததை நேரில் பார்த்தேன். அனுமதி கேட்பது யார், செய்வது யார், ஒப்புதல் கொடுப்பது யார் என்று அந்த அம்மா கேட்டார். மேடம் தரையைக் காட்டினார். பிறகு உருண்டு உருண்டு செய்தும் காட்டினார். அந்த அம்மா சிரித்துவிட்டார். போன மாதம் மேனேஜருக்கே மறுத்த பதிவும் காரணத்தோடு இருந்ததைப் படித்துவிட்டு மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். மேனேஜர் மேற்கூரையைப் பார்த்தார்.

"கட்டம் மூணு இருக்கு, சரி. ஆள் ஒண்ணுதானேம்மா? நீங்க நல்லவங்க. நாளைக்கு உங்க இடத்துல வர்றவங்க உருளாமலே இருந்துட்டா?"

சாயங்காலத்துக்குள் மூன்றாவது கட்டத்துக்கு வேறு ஓர் ஆளைக் காட்டுங்கள், இல்லையென்றால் பாஸ் என்று என்னால் எழுத முடியாது என்றார் அந்த அம்மா. அந்த ஆள் கணக்கைத் தொடாதவராக இருக்க வேண்டும், மேடத்துக்குக் கீழே வேலை செய்யாதவராக இருக்க வேண்டும். மேனேஜர், அக்கவுண்ட்ஸில் கேட்கலாமா என்று யோசித்தார். மேடம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"கேஜ் ரூம் அண்ணாவைப் போடுங்க சார்."

மேனேஜர் என்னை இப்போதுதான் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார். "அவரு வாயே திறக்கமாட்டாரேம்மா."

"அதனாலதான் சார். யாரும் அவருகிட்ட பேசி சம்மதம் வாங்க முடியாது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மீட்டிங் ஹாலிலிருந்து ஒரு நாற்காலி திரும்பி வந்தது. மூன்றாவது கட்டத்துக்குள் என்னை உட்கார வைத்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று மேடம் மெதுவாகச் சொன்னார். என் மவுஸை அவர் தொடவே இல்லை, இனி அது உங்களுடையது என்றார். ஒன்று செய்து காட்டுங்கள் என்றார் அந்த அம்மா. மேனேஜரைப் பார்த்து, நீங்களே நிஜமாக ஒன்று கேளுங்கள் என்றார்.

மேனேஜர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இருப்புக் கணக்கை நானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதையே மறுபடியும் கேட்டார். மேடம் முதல் கட்டத்தில் எழுதினார். இரண்டாவது கட்டத்துக்கு உருண்டு, செய்யலாம் என்றார். என் திரையில் அது வந்து நின்றது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே பாய் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றார். எனக்குச் சாத்திக்கொள்ளச் சன்னல் இல்லை. எனக்குச் சம்பளம் போடுகிற மனிதர், மேசையில் கையை ஊன்றிக் குனிந்து கேட்டார்.

"என்னப்பா, கொடுத்துரலாமா?"

தமிழில் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

"குதரது சார்" என்றேன்.

மேடம் இரண்டாவது கட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். மேனேஜர்தான் நிமிர்ந்து நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"முடியாதுன்னு அர்த்தங்க. இங்க வேலை செய்யறவங்களுக்கு அந்த ஒரு வார்த்தை நல்லா வரும்."

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். காரணக் கட்டத்தில் நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கிற வரை அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். ஆர்டர் வந்தது. புது லைனும் வந்தது. மீட்டிங் ஹாலில் இருந்த இன்னொரு நாற்காலியும் மறுநாளே திரும்பி வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தது மேனேஜர் என்று பாய் சத்தியம் செய்வார். பாய் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம்தான் மேடம் எங்களோடு இருந்தார். பெங்களூரில் பெரிய வேலை கிடைத்தது. அங்கிருந்து இப்போதும் எப்போதாவது பேசுவார். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள், எனக்கு ஒரே நாற்காலிதான் அண்ணா, சண்டை போட ஆளே இல்லை என்று ஒரு தடவை குறைப்பட்டுக்கொண்டார்.

கடைசி நாள் சாயங்காலம் நான் என் கட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். மேசையில் அவர் அப்பா தோட்டத்து ரோஜா ஒரு கூடை. எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம். முதல் கட்டத்தில் உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினார். எழுந்து இரண்டாவது கட்டத்துக்கு நடந்து போனார். என் திரையில் அது வந்தது. வேலையை விட்டுப் போகிற ஒருவரின் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட அனுமதி வேண்டும். அவருடைய பெயர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"குதரதும்மா" என்றேன்.

சிரித்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "காரணம் எழுதணும்ணா."

காரணக் கட்டத்தில் கர்சர் மின்னி மின்னி நின்றது. எழுத எனக்குக் காரணம் இருந்தது. அந்த நரைத்த தலை அம்மா ஏற்றுக்கொள்கிற மாதிரி எதுவும் இல்லை. சரி என்பதை அழுத்தினேன்.

அவர் இரண்டாவது கட்டத்தில் ஏதோ தட்டினார். அவ்வளவுதான். எழுந்து, நாற்காலியைக் கோட்டுக்குள் நேராகத் தள்ளி வைத்தார். அந்த நேரம் பார்த்து முதல் மேசையில் போன் அடித்தது. பழக்கத்தில் அவர் கை போனது. பாதியில் நின்றது. புது ஆள் திங்கட்கிழமைதான் வருவார்.

"அண்ணா, நான் இப்ப இங்க யாருமில்ல. நீங்க எடுங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி, முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நாலு அடிதான். எடுத்துக் காதில் வைத்தேன்.

"சொல்லுங்க, ஹெல்ப்டெஸ்க்."

அந்தப் பக்கம் பாயின் குரல் கேட்டது. "யாரு பேசறது? எங்க கேஜ் ரூம்காரரு குரல் மாதிரி இருக்கு, ஆனா அவருக்குத்தான் பேச வராதே."

பாஸ்வேர்டு மறந்துவிட்டாராம். எழுதிக்கொண்டேன்.